பாடியா, லென்ஸா? கேமரா கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றுவதா, லென்ஸ் வாங்குவதா? மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் வாசகர்கள் கேட்டவற்றில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

கே: கேனான் 1500டி, கூட வந்த 18–55 லென்ஸ். ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். படங்கள் ஷார்ப்பாக வருவதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் உள்ளே மடக்குக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போய்விட்டார்கள். நானும் மாறிவிடலாமா?
– வாசகர், செங்கோட்டை

ப: 'ஷார்ப் இல்லை' என்பது காய்ச்சல் மாதிரி. காரணம் ஐந்தாறு இருக்கலாம். மருந்து எழுதும் முன் எங்கே வலி என்று பார்த்துவிடுங்கள். கடைசியாக எடுத்த முந்நூறு படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, உதவாது என்று ஒதுக்கியவற்றை மட்டும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படம் முழுக்க ஒரே திசையில் இழுத்துவிட்டது போல இருந்தால் கை ஆடியிருக்கிறது. உங்கள் கேமராவின் சென்ஸார் (படம் விழும் தகடு) சிறியது என்பதால், அதில் 55 எம்எம் என்பது 1.6 மடங்கு, அதாவது 88 எம்எம் அளவுக்கு நெருங்கிய பார்வை. ஷட்டர் ஸ்பீட் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) 1/100 செகண்டுக்குக் கீழே போனால், கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் ஸ்விட்ச் ஆனில் இருக்க வேண்டும். லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் அந்த ஸ்விட்ச் பையில் உரசி ஆஃபாகிக் கிடப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

கோயில் தூண் தெளிவாக இருக்கிறது, தவில்காரர் கை மட்டும் கலைந்திருக்கிறது என்றால் ஆள் அசைந்திருக்கிறார். ஐஎஸ் இதற்கு உதவாது. ஷட்டர் ஸ்பீட் ஏற வேண்டும், அதற்கு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். இது லென்ஸ் கணக்கு.

முகம் மங்கி, பின்னால் இருக்கிற வாழைமரம் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. 1500டி-யில் உள்ள ஒன்பது புள்ளிகளில் எதை எடுப்பது என்பதைக் கேமராவிடமே விட்டிருப்பீர்கள். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; அந்த ஒன்றுதான் குறுக்கும் நெடுக்கும் இரண்டு திசையிலும் பார்க்கும் புள்ளி. கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்தி, பிறகு ஃபிரேமை நகர்த்தி எடுங்கள்.

மணல் தூவியது போல இருந்தால் ஐஎஸ்ஓ (சென்ஸார் வெளிச்சத்தை உணரும் அளவு) கூடிப்போயிருக்கிறது. நடுப்பகுதி நன்றாக இருந்து ஓரங்கள் மட்டும் கரைந்திருந்தால், அதுவும் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-ல் எடுத்தால் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) சரியாகிவிடுகிறது என்றால், அது லென்ஸின் குறை. படம் முழுக்க ஒரு வெளிறிய திரை போட்டது போல இருந்தால், குற்றாலச் சாரல் காயாமல் படிந்த முன் கண்ணாடியையும், அதன் மேல் மாட்டியிருக்கும் மலிவு யுவி ஃபில்டரையும் சந்தேகப்படுங்கள். ஃபில்டரைக் கழற்றி ஒரு படம் எடுத்தாலே விடை தெரியும். செலவு ஒன்றும் இல்லை.

இன்னொரு சோதனை. சுவரில் செய்தித்தாளை ஒட்டுங்கள். கேமராவை டிரைபாடில், இல்லாவிட்டால் ஸ்டூலில் அசையாமல் வைத்து, ஐஎஸ்ஸை அணைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, இரண்டு செகண்ட் டைமர். பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து மூன்று படம், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து மூன்று படம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆறும் தெளிவாக இருந்தால் உங்கள் பாடிக்கும் லென்ஸுக்கும் ஒரு குறையும் இல்லை. லைவ் வியூவில் எடுத்தது தெளிவு, வியூஃபைண்டரில் எடுத்தது மங்கல் என்றால் ஃபோகஸ் சென்ஸாரின் சீரமைப்பு விலகியிருக்கிறது. விலை கூடிய பாடிகளில் அதை மெனுவிலேயே திருத்தலாம். 1500டி-யில் அந்த வசதி இல்லை, சர்வீஸ் சென்டரில்தான் சரிசெய்ய வேண்டும். மிரர்லெஸ் கேமராக்கள் படம் விழும் சென்ஸாரிலேயே ஃபோகஸைப் பார்ப்பதால் இந்த வம்பு அங்கே கிடையாது. ஊரார் சொல்வதில் நியாயம் உள்ள இடம் இது.

மெகாபிக்சலைக் காரணமாக வைத்து மட்டும் மாறாதீர்கள். உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 புள்ளிகள். 12 × 18 அங்குல பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 5400 × 3600 போதும்.

கே: தோவாளைப் பூச்சந்தையை விடியும் முன் படமெடுக்கிறேன். பிச்சிப்பூ கட்டும் கைகள், எடைபோடும் தராசு, இதெல்லாம்தான். அதே 1500டி, 18–55. 55-ல் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400 வைத்தும் 1/60க்கு மேல் போகவில்லை. ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கினால் இந்தப் பிரச்சினை தீருமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: கணக்குப் போட்டுவிடலாம். ஃபுல் ஃபிரேம் சென்ஸாரின் பரப்பு உங்களுடையதைப் போல இரண்டரை மடங்கு. ஒரே தலைமுறை சென்ஸார்களை ஒப்பிட்டால் நாய்ஸில் (அந்த மணல் புள்ளிகளில்) கிடைக்கும் லாபம் ஒன்றேகால் ஸ்டாப் அளவு; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. எஃப் 5.6-லிருந்து எஃப் 1.8-க்கு வந்தால் 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: ஏறக்குறைய 9.7 மடங்கு வெளிச்சம், மூன்று ஸ்டாப்புக்கும் மேல். பாடி லட்சத்தை ஒட்டிப் போகும். கேனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் பத்தாயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும்; எடை 160 கிராம்.

ஃபுல் ஃபிரேமில் இன்னொரு பொறியும் இருக்கிறது. உங்கள் 18–55 சிறிய சென்ஸாருக்கான ஈஎஃப்-எஸ் லென்ஸ். ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே மடக்குக் கண்ணாடி உள்ள கேமராவில்) அது மாட்டவே மாட்டாது. மிரர்லெஸ் பாடியில் அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆனால் கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் பாடியில் ஒன்பது சொச்சம்தான் மிஞ்சும். பாடிக்குப் பணம் கொடுத்துவிட்டு லென்ஸுக்கு மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

50-ஐ மாட்டிக்கொண்டு போனதும் செய்ய வேண்டியது: எஃப் 2.2, 1/200, ஐஎஸ்ஓ 3200. நீங்கள் சொன்ன அதே வெளிச்சத்துக்கு இது சரியாக வரும். எஃப் 1.8-லேயே எடுக்கும் ஆசையை அடக்குங்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-ல் தெளிவாக இருக்கும் ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். நார் பிடித்த விரல் தெளிவாக இருந்தால் பூ மங்கும். இரண்டு பேர் முகம் வேண்டுமானால் எஃப் 2.8-ஆவது வேண்டும். இந்த லென்ஸ் 35 சென்டிமீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள்.

சோக் வைத்த பழைய டியூப்லைட், மட்டமான எல்ஈடி இரண்டும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/200-ல் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கிய மஞ்சளாகவும் வரும். கேமரா மேல் பழிபோடாமல் மூன்று மூன்று படமாகத் தொடர்ந்து எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். கைகள் நின்று நிதானிக்கும் நேரத்தில் 1/100-க்கு இறங்கினால் துடிப்பு தெரியாது. கேமரா பதப்படுத்தாத ரா ஃபார்மட்டில் எடுத்தால், வெள்ளைப் பிச்சியைப் பச்சையாகக் காட்டும் டியூப்லைட் நிறத்தை வீட்டில் வந்து சரிசெய்துகொள்ளலாம். ஓணத்துக்கு முந்தின நாட்களில் கேரளத்துக்குப் போகும் சரக்கால் சந்தை நெரியும்போது பின்னால் நகர இடம் இருக்காது. அப்போது 50 எம்எம் நெருக்கமாகத் தோன்றும், 18–55-ஐப் பையில் வைத்திருங்கள்.

கே: நிக்கான் டி5600-க்கு செகண்ட் ஹேண்டில் 50 எம்எம் எஃப் 1.8டி வாங்கினேன். ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை, சில நேரம் 'எஃப்ஈஈ' என்று காட்டுகிறது. லென்ஸ் கெட்டுப்போனதா, பாடியா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஜோடிதான் பொருந்தவில்லை. 'டி' வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் உள்ள மோட்டார்தான் திருகுபோல் சுழற்றி ஓட்ட வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் இல்லை. டி7000 வரிசையில் இருக்கிறது. 'எஃப்ஈஈ' வருவதற்குக் காரணம் லென்ஸில் உள்ள அப்பர்ச்சர் வளையம், அதாவது துவாரத்தின் அளவை மாற்றும் வளையம். அதை 22-க்குத் திருப்பி, பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டைத் தள்ளிவிடுங்கள். கையால் ஃபோகஸ் செய்யும்போது வியூஃபைண்டரின் கீழே இடது மூலையில் வட்டப் புள்ளி நிலையாக எரிந்தால் ஃபோகஸ் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டோஃபோகஸ் கட்டாயம் வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டு 50 எம்எம் எஃப் 1.8ஜி, வீட்டுக்குள் எடுப்பதானால் 35 எம்எம் எஃப் 1.8ஜி டிஎக்ஸ். இந்த ஒரு லென்ஸுக்காகப் பாடியை மாற்ற வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஏஎஃப்-பி என்று எழுதிய புது லென்ஸ்கள் டி90, டி3200, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. பெட்டியில் உள்ள எழுத்துகளைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

கே: மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை என்று இரண்டு பக்கமும் கல்யாணம் எடுக்கிறேன். நிக்கான் டி7500, 18–140 லென்ஸ். சர்ச்சுக்குள்ளும் ஆடிட்டோரியத்திலும் இருட்டு. முதலில் எதை மாற்றுவது?
– வாசகர், மார்த்தாண்டம்

ப: முதலில் ஃபிளாஷ் இருக்கிறதா என்று சொல்லுங்கள். தலை திரும்பும் ஃபிளாஷ் ஒன்று வாங்கி, வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் சர்ச்சில் கூரை உயரம், சில இடங்களில் சடங்கின்போது ஃபிளாஷ் அனுமதியும் இல்லை. அந்த நேரத்துக்கு 17–50 எம்எம் எஃப் 2.8. சிக்மாவும் டாம்ரானும் நிக்கானுக்குப் போட்டிருக்கின்றன. எஃப் 5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம், அதுவும் 17-லிருந்து 50 வரை ஒரே அளவு. 18–140-ஐ விற்க வேண்டாம், பகல் நேர ஊர்வலத்துக்கு அதுதான் சௌகரியம்.

இதுவரை லென்ஸ் பக்கம். உங்கள் விஷயத்தில் மட்டும் பாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டி7500-ல் கார்டு போடும் இடம் ஒன்றே ஒன்று. கார்டு படுத்துவிட்டால் தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. கூலி வாங்கி எடுப்பவருக்கு இரண்டு கார்டு வசதி ஆடம்பரம் ஆகாது. பழைய டி7200-ல் அது இருந்தது. டி7500-ல் நிக்கான் ஏன் எடுத்தது என்று இன்றும் திட்டுபவர்கள் உண்டு. செகண்ட் ஹேண்டில் நல்ல டி7200 கிடைத்தால் அதில் 17–50-ஐ மாட்டி, இரண்டு கார்டிலும் ஒரே படம் பதிகிறபடி வைத்து, முக்கியச் சடங்குகளை அதில் எடுங்கள். டி7500 இரண்டாவது பாடியாகத் தோளில் தொங்கட்டும். நிக்கான் ஜேபெக் படத்துக்குள்ளேயே ஷட்டர் எண்ணிக்கை பதிந்திருக்கும். விற்பவரிடம் அன்றே எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த வகுப்புப் பாடிகளின் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

12 × 36 அங்குலக் கரிஸ்மா ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கமும் பரப்பினால் உங்கள் 5568 புள்ளி அகலப் படத்துக்கு அங்குலத்துக்கு 155 புள்ளிதான் வரும். கைநீட்டித் தள்ளிப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது போதும்; அதற்காக 45 மெகாபிக்சல் பாடியைத் தேட வேண்டாம்.

கே: வால்பாறையில் வேலை. இருவாட்சி எடுக்க ஆசை. டி5600, 70–300 ஏஎஃப்-பி இருக்கிறது. பழைய டி500 பாடி வாங்கவா, 200–500 லென்ஸ் வாங்கவா?
– வாசகர், வால்பாறை

ப: லென்ஸ். டி500 நொடிக்குப் பத்து ஃபிரேம் ஓட்டும், 153 ஃபோகஸ் புள்ளி வைத்திருக்கும், அருமையான பாடிதான். ஆனால் அது 20.9 மெகாபிக்சல், உங்கள் டி5600 24.2. அதே 300 எம்எம்-மை மாட்டினால் இருவாட்சியின் மேல் விழும் புள்ளிகள் கூடாது, கொஞ்சம் குறையும். 300-லிருந்து 500-க்குப் போனால் பறவை படத்தில் 2.8 மடங்கு பரப்பை நிரப்பும். இருவாட்சி அத்தி பழுத்த மரத்தில் வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு பழமாக மேலே தூக்கிப்போட்டு விழுங்கிக்கொண்டு நெடுநேரம் இருக்கும். அதற்கு அதிவேக ஃபோகஸ் வேண்டாம், எட்டும் லென்ஸ்தான் வேண்டும். பள்ளத்தாக்கின் குறுக்கே பறப்பதை எடுக்க வேண்டும் என்ற நிலை வரும்போது டி500-ஐப் பற்றி யோசிக்கலாம்.

200–500-ல் தெரிந்தே வாங்க வேண்டிய குறைகள்: எடை 2.3 கிலோ, ஃபில்டர் 95 எம்எம், மழை தாங்கும் அடைப்புகள் கிடையாது. கையில் பிடித்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. தடித்த துணிப்பையில் ஒன்றரை கிலோ பச்சைப்பயறு போட்டுத் தைத்து ஜீப் ஜன்னலில் வைத்தால் அதுவே நல்ல தாங்கி. மரநிழலில் காலை ஏழு மணிக்கு எஃப் 5.6, 1/500 வைத்தால் ஐஎஸ்ஓ 3200 தாண்டும். உட்கார்ந்த பறவைக்கு விஆர் (நிக்கானில் ஐஎஸ்ஸுக்குப் பெயர்) போட்டு 1/200-க்கு இறங்கி, பத்துப் பதினைந்து படம் ஓட்டினால் இரண்டு படமாவது தெளிவாக வரும். மதியம் தேயிலைக் காட்டுக்கு மேலே காற்று நெளியும்போது, தூரத்துப் படம் எந்த லென்ஸிலும் பிசிறும். அது கானல், பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகளுக்கு இந்த லென்ஸ் தேவையே இல்லை. சாலையோரத்திலேயே இருக்கும், 70–300 தாராளம். கூடுள்ள மரத்தின் அடியில் மட்டும் காத்து நிற்காதீர்கள். பெண் இருவாட்சி பொந்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். இரை கொண்டுவரும் ஆண் ஆளைக் கண்டால் வராமல் போகும், உள்ளே பட்டினி.

கே: குமுளியில் இருந்து யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன். 1500டி. ஃபோகஸ் அலைகிறது, சத்தமும் சரியில்லை. 50 எம்எம் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, குமுளி

ப: ஆகாது. இந்த இதழில் தயங்காமல் பாடியை மாற்றுங்கள் என்று சொல்வது உங்களுக்கு மட்டும்தான். 1500டி-யில் வெளி மைக் மாட்டும் துளையே கிடையாது. வீடியோவில் ஃபோகஸைத் தொடரும் டூயல் பிக்சல் முறையும் இல்லை. அதனால்தான் தாளிப்பு வெடிக்கும் நேரத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடுகிறது. எந்த லென்ஸ் மாட்டினாலும் இந்த இரண்டும் மாறாது. கேனான் ஆர்50-ல் இரண்டும் உண்டு. ஈஎஃப்–ஈஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டால் உங்கள் 18–55 அப்படியே வேலை செய்யும். அதுவரைக்கும் காலர் மைக்கைப் போனில் செருகி அதில் ஒலியைப் பதியுங்கள். தொடக்கத்தில் கேமரா முன் ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் அந்தத் தட்டை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

கே: லென்ஸ்தான் வாங்குவது என்று முடிவு. செகண்ட் ஹேண்டில் ஒன்று கிடைக்கிறது, ஆனால் மழைக்கால ஊரில் இருந்த லென்ஸ். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், கம்பம்

ப: பூஞ்சைதான் முதல் பகை. இரண்டு பக்க மூடியையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியே பாருங்கள். சிலந்தி வலை போன்ற கிளைகளும் புகைபோல் வெளிறலும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் நிற்கும். இரண்டு மூன்று தூசி இருப்பது பொருட்டில்லை. ஜூமை முழுக்க இழுத்து ஆட்டிப் பாருங்கள், மணல் அரைபடும் சத்தம் கூடாது. உங்கள் பாடியில் மாட்டி, எஃப் 16 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். துவாரத்தைச் சுற்றியுள்ள இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். எண்ணெய் மினுங்கினால் மூடுவது தாமதமாகி, படம் வெளிறும். கடைசியாக, நேரான செங்கல் சுவரை எதிரே நின்று அதிகபட்ச அப்பர்ச்சரில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. எப்போதோ கீழே விழுந்த லென்ஸ்.

வாங்கிய பின் அரிசி டின்னில் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம், மாவுத்தூசி உள்ளே போகும். காற்றுப் புகாத பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, நூற்றைம்பது கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் இருந்தால் பூஞ்சை கிளம்பும். 30-க்குக் கீழே காயவிட்டால் ரப்பரும் மசகும் கெடும். ஜெல் நிறம் மாறியதும் பழைய வாணலியில் சிறு தீயில் பழைய நிறம் திரும்பும்வரை கிளறி, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலியில் அதற்குப் பிறகு சமைக்கக் கூடாது, நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது.